கோவைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தொற்றுக் காலத்தில் மாநகராட்சிப் பட்டியலில் இடம்பிடிப்பது எப்படி

வேலைக்காகக் கோவைக்கோ திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ வந்து இறங்குகிறவர்களுக்கு நல்ல மெஸ் எங்கே, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லித்தர ஆள் கிடைத்துவிடும். ஊரில் ஒரு தொற்று பரவினால் யாரிடம் போவது என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். 2019 கடைசியில் கோவை கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்கு வந்தேன். ஊர் பிடிபடுவதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2021 மே மாதக் கடைசியில் ஒருநாள் பாதிப்பில் கோவை சென்னையையே தாண்டிப் போனது. அப்போது நான் லைன் வீட்டில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மாநகராட்சி பட்டியலை வைத்து வேலை செய்கிறது. இந்த வீதியில் எத்தனை வீடு, இந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்று அவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் பெயர் இருந்தால் மாத்திரை வாசலுக்கு வரும், போன் வரும், ஊசிக்குக் கூப்பிடுவார்கள். பெயர் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் உங்கள் கதவைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. அறை வாடகைக்கு இருக்கும் ஆளை அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நோட்டில் ஏறுவதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அபராதத் தொகை, தனிமை நாட்கள் மாதிரி சில விவரங்கள் கொரோனாக் காலத்துடையவை. அடுத்த நோய்க்கு அவை மாறும். போகவேண்டிய வழி பெரும்பாலும் அதேதான்.

முதல் வேலை: வீடு எந்த எல்லையில் இருக்கிறது?

'கோயமுத்தூரில் இருக்கிறேன்' என்று நாம் சொல்கிறோம். வீடு மாநகராட்சியில் இருக்கிறதா, பேரூராட்சியிலா, ஊராட்சியிலா என்பது வேறு கேள்வி. மாநகராட்சிக்குள் என்றால் மருத்துவ வேலையைப் பார்ப்பது மாநகர் நல அலுவலரின் ஆட்கள். வெளியே என்றால் மாவட்டச் சுகாதாரத் துறையும் வட்டார மருத்துவ அலுவலரும். நோய்க்கு எல்லை கிடையாது, ஆனால் போனை எடுக்கிறவருக்கு உண்டு. இருமிக்கொண்டே இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறிப் போன் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

கோவை மாநகராட்சியில் இப்போது 100 வார்டுகள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தியம் என்று 5 மண்டலங்கள். 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும் இன்னும் சில ஊர்களையும் சேர்த்தபோதுதான் 72 வார்டு 100 ஆனது. அப்புறம் 2022 தேர்தலுக்கு முன்பு எல்லைகளை மாற்றி எண்களையும் மாற்றினார்கள். அதனால் பல வீதிகளில் பழைய வார்டு எண் ஒன்று, புது எண் ஒன்று. வீட்டுக்காரரிடம் கேட்டால் அவர் நாக்கில் பழைய எண்தான் வரும். திருப்பூரில் 60 வார்டு, ஈரோட்டிலும் 60. திருப்பூரிலும் இதே கதைதான்; நல்லூரும் 15 வேலம்பாளையமும் தனி நகராட்சிகளாக இருந்து பிறகு சேர்ந்தவை.

இதைத் தெரிந்துகொள்ள அலைய வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொத்துவரி ரசீது ஒன்றைக் கேட்டுப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மண்டலம், வார்டு, வரிவிதிப்பு எண் எல்லாம் இருக்கும். 'எதுக்குங் தம்பி?' என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரம்மா வாடகைப் பிரச்சினை ஏதோ கிளப்பப் போகிறேன் என்று பயந்தே போனார். காரணத்தைச் சொன்னால் காட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, முகவரியை முழுசாக எழுதப் பழகுங்கள். எங்கள் ஊரில் தெரு என்போம், இங்கே வீதி. மாரியம்மன் கோவில் வீதி, விநாயகர் கோவில் வீதி, பாரதி நகர், வ.உ.சி. நகர் எல்லாம் ஊருக்குள் பல இடங்களில் இருக்கின்றன. கதவு எண், எத்தனையாவது வீதி, ஏரியா, பக்கத்தில் ஒரு அடையாளம், இத்தனையும் வேண்டும். இதில் நான் எப்படி மாட்டினேன் என்பதைக் காய்ச்சல் பகுதியில் சொல்கிறேன்.

யார் யாரைத் தெரிந்துவைக்க வேண்டும்

மாநகர் நல அலுவலரை நீங்கள் பார்க்கப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியவர் வார்டின் சுகாதார ஆய்வாளர். ஊரில் எல்லோரும் 'எஸ்.ஐ.' என்பார்கள், போலீஸ் எஸ்.ஐ. என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குப்பை, கொசு மருந்து, கடைச் சோதனை, தொற்று வந்தால் வீதியை அடைப்பது என எல்லாம் இவர் தலையில்தான். காலை ஆறு, ஆறரைக்குத் தூய்மைப் பணியாளர்கள் வருகைப்பதிவு போடும் வார்டு அலுவலகத்தில் பிடித்துவிடலாம். பத்து மணிக்கு மேல் அவர் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்தது நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையம். மாநகராட்சி எல்லைக்குள் 30க்கும் மேல் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு எது என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பதுதான் உங்களுடையது என்று நினைக்க வேண்டாம். வார்டுக் கணக்கில் கொஞ்சம் தள்ளிக்கூட இருக்கலாம். அங்கே உங்கள் பகுதியைப் பார்க்கும் செவிலியர் ஒருவர் இருப்பார். கர்ப்பிணிகள், குழந்தைகள் பட்டியல் அவரிடம்தான். 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். அவை மாலையிலும் இயங்குகின்றன, ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு வசதி. சின்னக் காய்ச்சல், சர்க்கரை மாத்திரைக்கு ஒருமுறை போய்ப் பதிவுபோட்டு வாருங்கள். நோயில்லாத நாளில் பார்த்த முகத்தை நோய் வந்த நாளில் அவர்களுக்கு அடையாளம் தெரியும்.

மூன்றாவதாக, வீட்டுக்கு வரும் டி.பி.சி. பணியாளர். கொசுப்புழு தேட வருகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள். கையில் டார்ச், தோளில் பை, அதில் அபேட் மருந்து. கொரோனாவில் இவர்களைத்தான் வீடு வீடாக அனுப்பினார்கள். டார்ச் இருந்த கையில் நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் வெப்பமானி வந்தது, அப்புறம் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர். வெயிலில் நடந்து வந்து 'ஊட்டுல யாருக்காச்சும் சளி, காச்சலுங்களா?' என்று கேட்பார்கள். பாதிப் பேர் கதவைத் திறக்காமலே 'இல்லை, இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள். இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் உண்மையாகப் பதில் சொன்னாலே பாதி வழிகாட்டி முடிந்தது. நோட்டில் ஆட்களின் எண்ணிக்கையை எழுதுவதும் இவர்கள்தான்.

கவுன்சிலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மாநகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. கொரோனாவின் மோசமான காலம் முழுக்க அதிகாரிகளை வைத்தே ஓடியது. எஸ்.ஐ. போன் எடுக்காவிட்டால் அடுத்து யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தோம்.

தாளும் போன் எண்ணும்

ஆதாரில் ஊர் முகவரி இருந்தால் ஊசிக்கோ பரிசோதனைக்கோ தடையில்லை. ரேஷன்தான் கடிக்கும். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், 2021இல் இரண்டு தவணையாக 4000 ரூபாய் கொடுத்தார்கள். அட்டை இருந்தால்தான் பணம். அட்டை ஊரில் அம்மா பெயரில் இருந்ததால் எங்கள் அறைக்கு எதுவும் வரவில்லை. ஊரில் அம்மா வாங்கிக்கொண்டார், அது வரைக்கும் சரி. குடும்பத்தோடு இங்கே குடிவந்தவர்கள் அட்டையின் முகவரியை இங்கே மாற்றிக்கொள்வது நல்லது. பொருளை மட்டும் வேறு கடையிலும் வாங்கலாம்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். அதைக் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் கேட்பார்கள். கொரோனாவில் தனியார் மருத்துவமனைச் செலவையும் இந்தத் திட்டத்தில் சேர்த்தார்கள். மூச்சுத் திணறும்போது வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடிப் போக முடியாது.

போன் எண் விஷயத்தில் கறாராக இருங்கள். பரிசோதனை முடிவு, ஊசிச் சான்றிதழ், தினசரி விசாரிப்பு எல்லாம் ஒரே எண்ணுக்குத்தான் வரும். ஊசிக்குப் பதியும் கோவின் தளத்தில் முதலில் ஒரு எண்ணில் நான்கு பேர் வரை பதியலாம் என்றிருந்தது. முதலாளி எண்ணில் பதிந்த பையன்கள் வேலையை விட்டபின் சான்றிதழுக்குப் பட்ட பாட்டை இங்கே எழுத இடமில்லை. எண்களில் மூன்றை எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள்: ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

அறிவிப்பு வந்தால்

வாட்ஸ்அப்பில் வருவது அறிவிப்பு அல்ல. ஊரடங்கு, கடை நேரம், பயண அனுமதி ஆகியவற்றை மாநில அரசு அரசாணையாகப் போடும். 1897ஆம் வருடத்துத் தொற்றுநோய்ச் சட்டம், 1939ஆம் வருடத்துத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 2005ஆம் வருடத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகிய மூன்றின் பலத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. அதை மாவட்டத்துக்கு ஏற்றபடி கலெக்டர் இறுக்குவார். எந்தச் சந்தையை எங்கே மாற்றுவது, எந்த வீதியை அடைப்பது, எந்தப் பள்ளியில் முகாம் என்பது மாநகராட்சி ஆணையரின் வேலை. செய்தியைப் பார்த்ததும் 'இது யார் போட்டது?' என்று கேளுங்கள். கடையைத் திறக்கலாம் என்று மாநிலம் சொல்லியிருக்கும், உங்கள் வீதிக்கு ஆணையர் வேண்டாம் என்றிருப்பார். உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவதுதான்.

கொங்குப் பக்கத்துக்கு இது அடிக்கடி நடக்கும். 2020 மார்ச் 22 அன்று நாடு முழுக்க முடக்கச் சொன்ன 75 மாவட்டங்களில் தமிழ்நாட்டில் இருந்தவை மூன்றுதான்: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. 2021 ஜூன் 7 முதல் தளர்வு கொடுத்தபோது 11 மாவட்டங்களுக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தார்கள். கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என்று அதில் ஏழு நம் பக்கம். மதுரையில் கடை திறந்துவிட்டது என்று தம்பி போனில் சொன்னதை நம்பி இங்கே சலூன் தேடிப் போய்த் திரும்பி வந்தேன். ஊர்ச் செய்தியை ஊரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளா பக்கத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம். எல்லையிலுள்ள வாளையாரில் சோதனை எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றோ இரண்டு ஊசி போட்ட சான்றோ கேட்டார்கள். அங்கே நிபா என்று செய்தி வந்தாலும் சோதனைச் சாவடியில் வெப்பமானியோடு நிற்பார்கள். பாலக்காட்டுக்கு வாராவாரம் போய் வருகிறவர் என்றால் சான்றிதழைப் போனில் வைத்திருங்கள்.

சந்தை இடம் மாறும். ஈரோட்டில் நேதாஜி காய்கறிச் சந்தையைப் பஸ் நிலையத்துக்கும் பிறகு வ.உ.சி. பூங்கா மைதானத்துக்கும் கொண்டுபோனார்கள். 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது காய்கறியே வண்டியில்தான் வீதிக்கு வந்தது. வண்டி வரும் நேரத்தை எஸ்.ஐ. ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அபராதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பரில் முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500, தனிமையை மீறினால் 500, விதியை மீறும் கடைக்கு 5000 வரை. 2022 ஜனவரியில் முகக்கவச அபராதத்தை 500 ஆக்கினார்கள். ரசீது கொடுக்காமல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஒரு ஊர் செய்வதெல்லாம் சரியாக இருந்துவிடாது என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதி திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்றை வைத்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு சில நொடி நடந்து போனால் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மருந்து புகைபோல விழும். நாடு முழுக்கப் படம் ஓடியது, மற்ற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. அதே மாதத்தில் மத்தியச் சுகாதார அமைச்சகம் ஆட்கள்மேல் மருந்து தெளிப்பது கெடுதல், கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது, உடம்புக்குள் போன கிருமிக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டது. அந்த ஹைப்போகுளோரைட் மருந்து தரைக்கும் கைப்பிடிக்கும்தான். உங்கள் கம்பெனி வாசலில் இனி ஒருநாள் யாராவது அப்படி ஒன்றை வைத்தால் சுற்றிக்கொண்டு போங்கள்.

கபசுரக் குடிநீரும் நிலவேம்பும் வீதியில் அண்டாவோடு வந்து கொடுப்பார்கள். நான் குடித்தேன். கசப்புதான், குடித்துவிட்டுப் பரிசோதனைக்கும் போனேன். 'கசாயம் குடிச்சாச்சு, பரிசோதனை எதுக்கு' என்று இருந்தவர்கள் எங்கள் பட்டறையிலேயே இரண்டு பேர். மூன்றாம் நாள் இருவரும் வரவில்லை.

காய்ச்சல் வந்துவிட்டது

எந்தத் தொற்றானாலும் தொடக்கம் ஒன்றுதான். முதல் நாளே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்துக்கடையில் 'காச்சலுக்கு ரெண்டு செட் குடுங்க' என்று வாங்கி நாலு நாள் ஓட்டுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. நானும் செய்திருக்கிறேன். ஒருநாள் கூலி போய்விடும் என்ற பயம்தான் காரணம், வேறென்ன.

கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்ததும் 13 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள், எஸ்.ஆர்.எப். எண் என்பார்கள். மருத்துவமனைப் படுக்கை, காப்பீடு, பின்னால் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த நோயில் அந்த எண்ணுக்கு வேறு பெயர் இருக்கலாம். சீட்டில் என்ன எண் எழுதினாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை. 2021 மே மாதம், ஒரு முகாமில் சளி கொடுத்தேன். எழுதிக்கொண்டவர் முழு உடுப்புக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார், பின்னால் நாற்பது பேர் வரிசையில். போன் எண்ணைச் சொன்னேன், எழுதினார். முகவரி கேட்டதற்கு 'மாரியம்மன் கோவில் வீதி' என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் ஆனது, மூன்று நாள் ஆனது, குறுஞ்செய்தி வரவில்லை. சரி, இல்லை போலிருக்கிறது என்று அறையிலேயே எல்லோரோடும் சாப்பிட்டேன், தூங்கினேன். நான்காம் நாள் நேரில் போய்க் கேட்டபோது தெரிந்தது: எண்ணில் 6க்குப் பதில் 0 விழுந்திருக்கிறது, எனக்குத் தொற்று உறுதி, மாநகராட்சி ஆட்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மாரியம்மன் கோவில் வீதியில் என் பெயரைச் சொல்லித் தேடிவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதிப் போயிருக்கிறார்கள். அதற்குள் அறையில் இன்னும் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. எழுதியவரிடம் 'ஒருதரம் படிச்சுக் காட்டுங்க' என்று கேட்டிருந்தால் பத்து நொடி ஆகியிருக்கும்.

முடிவு வந்தபிறகு வகைபிரிக்கும் மையத்துக்கு வரச் சொல்வார்கள். அங்கே வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு பார்த்து வீட்டிலா, பராமரிப்பு மையத்திலா, மருத்துவமனையிலா என்று முடிவு செய்வார்கள். கோவையில் அரசு மருத்துவமனையும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் கொரோனாவைப் பார்த்தன; கொடிசியா கண்காட்சி வளாகத்தில் கட்டில் போட்டு லேசான பாதிப்புள்ளவர்களை வைத்தார்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

வீட்டுத் தனிமை என்றால் தனி அறை, தனிக் கழிப்பறை என்பார்கள். லைன் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு கழிப்பறை. இதை மையத்தில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். 'வீட்டில் வசதி இருக்கு' என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டு வந்தால் மொத்த லைனுக்கும் பரவும். நான் உண்மையைச் சொன்னேன், கொடிசியாவுக்கு அனுப்பினார்கள். பெரிய கூடம், மின்விசிறி, வரிசையாகக் கட்டில்; மூன்று வேளைச் சாப்பாடு வந்துவிடும். ராத்திரி யாராவது இருமினால் கூடம் முழுக்கக் கேட்கும். மோசமில்லை.

விரலில் மாட்டும் மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தப்பாகப் பார்த்துப் பயந்தவர்கள் அதிகம். மருதாணி, நகப்பூச்சு இருக்கும் விரலில் மாட்டாதீர்கள். கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து, அப்புறம் மாட்டி, எண் நிலைக்கும் வரை பொறுங்கள். 94க்குக் கீழே இருந்தால் மறுபடி ஒருமுறை வேறு விரலில் பாருங்கள்; அப்போதும் கீழே என்றால் மருத்துவமனை. 90க்குக் கீழே என்றால் 108ஐக் கூப்பிட யோசிக்கவே வேண்டாம். எண் நன்றாக இருந்தும் சந்தேகமாக இருந்தால் அறைக்குள் ஆறு நிமிஷம் நடந்துவிட்டுப் பாருங்கள், அப்போது குறைந்தால் அது எச்சரிக்கை. வண்டி வரும்வரை குப்புறப் படுத்தால் மூச்சு கொஞ்சம் இளகும்.

வீதியை அடைத்தால்

2020இல் ஒரு வீதியில் சிலருக்கு வந்தாலே இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்துவிடுவார்கள். ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டிருக்கும். உள்ளே மாட்டினால் முதல் நாளே மூன்று வேலை செய்யுங்கள். உள்ளே வரும் மாநகராட்சி ஆளின் பெயரும் எண்ணும் வாங்குங்கள். தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கம்பெனிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசர் நம்பாவிட்டால் தகரத்தின் படத்தை அனுப்புங்கள்.

எங்கள் தகரத்தில் ஒரு பக்கம் அரையடி இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பால் பாக்கெட், தக்காளி, ஒருநாள் பிரியாணிகூட வந்தது. பணத்தை ஒரு மக்கில் தண்ணீர் ஊற்றி அதில் போடச் சொன்னார் பால்காரர். ரூபாய் நோட்டை எப்படி உலர்த்தினாரோ தெரியாது.

வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினால் அசிங்கமாக இருந்தது என்று பலரும் வருத்தப்பட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வாடகைக்காரரைக் காலிசெய்யச் சொன்ன வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவு போட்டால் தவிர அப்படி ஒட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. யாராவது காலிசெய்யச் சொன்னால் 1077க்குச் சொல்லுங்கள், கலெக்டர் அலுவலகம் கூப்பிட்டால் வீட்டுக்காரர் குரலே மாறிவிடும்.

ஊசி

தட்டுப்பாடு இருக்கும்போது டோக்கன்தான். 2021 ஜூனில் மாநகராட்சிப் பள்ளி வாசலில் விடியக்காலை மூன்று மணிக்கே ஆட்கள். ஆள் உட்கார முடியாத இடத்தில் செருப்பு, கல், தண்ணீர் பாட்டில் வரிசையில் உட்கார்ந்திருந்தன. என் இடத்தை ஒரு ஹெல்மெட் பார்த்துக்கொண்டது. நூறு டோக்கன், ஆனால் இருநூறு செருப்பு.

செப்டம்பர் 12 முதல் ஞாயிறுதோறும் மெகா முகாம்கள் தொடங்கியபின் அந்தக் கூட்டம் கரைந்தது. வீதிக்கு வண்டி வந்து 'போட்டுட்டீங்களா' என்று கேட்கும் நிலை. பயம் இல்லாமல் இரண்டு மாதம் பொறுக்க முடிகிறவர்கள் பொறுக்கலாம். வயதானவர், சர்க்கரை உள்ளவர், கூட்டத்தில் வேலை செய்கிறவர் பொறுக்கக் கூடாது, வரிசையில் நின்றே ஆகவேண்டும். போடும் முன் சீட்டில் பெயரின் எழுத்தை ஆதாரோடு ஒப்பிடுங்கள். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதற்காக ரயில் நிலையத்தில் தகராறு பண்ணியவர்கள் உண்டு.

சில வரிகளில் ஒரு கஷ்டமான விஷயம். வீட்டில் யாராவது தொற்றில் இறந்துவிட்டால் இறப்பைப் பதிவது இறந்த இடத்து உள்ளாட்சி. ஊரில் அடக்கம் செய்தாலும் சான்றிதழ் இங்கேதான் வாங்க வேண்டும். கொரோனா இறப்புக்கு 2021 கடைசியிலிருந்து 50,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். பரிசோதனைத் தாள் இல்லாத குடும்பங்கள் அதற்கு நடையாய் நடந்தன. ஆஸ்பத்திரித் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

டிரம்

பெருந்தொற்று எப்போதோ வரும், டெங்கு வருஷாவருஷம் வரும். இந்த ஊர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குளிக்க, துவைக்க போர்வெல்லின் உப்புத் தண்ணீர். குடிக்கச் சிறுவாணி அணைத் தண்ணீரோ பில்லூர் அணைத் தண்ணீரோ, அதுதான் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் பல பகுதியில் வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் பத்து நாளுக்கு ஒருமுறை வரும். அதனால் எல்லா வீட்டிலும் நீல டிரம் இருக்கும். டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகத் தண்ணீர் வரும் இடைவெளியும் கொசு வளரும் காலமும் ஒன்றாக இருப்பதுதான் இந்த ஊரின் சிக்கல். 'வாரம் ஒருமுறை கொட்டுங்கள்' என்று சொல்வது எளிது, கொட்டிவிட்டு எதைக் குடிப்பது?

வழி இதுதான். டிரம்முக்கு மூடி போட்டு அதன்மேல் பழைய வேட்டித் துணியை இறுகக் கட்டுங்கள், கயிற்றில் சந்து இருக்கக் கூடாது. தண்ணீர் தீர்ந்த அன்று புதுத் தண்ணீர் பிடிக்கும் முன் உள் சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், கழுவி ஊற்றினால் மட்டும் போகாது. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடி டயர், உடைந்த ஆட்டுக்கல், ஏர் கூலர் எல்லாவற்றையும் பாருங்கள். காய்ச்சல் விட்ட ஓரிரண்டு நாளில் வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறில் ரத்தம் வந்தால் காய்ச்சல் போய்விட்டது என்று இருக்காதீர்கள். டெங்குவில் ஆபத்து அப்போதுதான்.

இந்த ஊர் நோயைப் பார்த்த ஊர்தான். போன நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிளேக் வந்து சுற்றிச் சுற்றி அடித்தது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இருக்கின்றன. 2021இல் இருகூர்ப் பக்கம் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். டிரம்மை மூடிவிட்டுப் போங்கள்.

போன வாரம் எங்கள் லைனுக்கு டி.பி.சி. அக்கா வந்தார். டார்ச்சை டிரம்முக்குள் அடித்துப் பார்த்தார். 'மூடி வெக்கோணுங்ணா, துணி லூசா இருக்குது' என்றார். கட்டினேன். நோட்டைத் திறந்து 'உங்க ரூம்ல மூணு பேருங்களா?' என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்திருக்கிறான், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்து போன் எண்ணைச் சொல்லச் சொன்னேன். அக்கா எழுதி முடித்ததும், 'ஒருதரம் படிச்சுக் காட்டுங்க' என்றேன்.